கண்மாயில் நாரை கூடு கட்டினால் சரணாலயம் கேட்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கும் சிங்கம்புணரிக்கும் இடையில் ஒரு கிராமம். அங்குள்ள கண்மாயில் சில ஆண்டுகளாக நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. வெளியூரில் வேலை பார்க்கும் அந்த ஊர் இளைஞர்கள், அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கச் சொல்லி மனு கொடுக்க நினைக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார்கள். "பறவையை இதுவரை விரட்டாதவர்கள், சட்டம் என்றதும் எதற்குப் பயப்படுகிறார்கள்? சட்டம் வந்தால்தானே பறவைக்குப் பாதுகாப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரணாலயம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு முன்னால் இதில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு ஊருக்கும் அதன் கண்மாய்க்கும் ஏற்கெனவே ஓர் உறவு இருக்கும்போது, அதற்குள் அரசின் விதி நுழைந்தால் அது பலப்படுமா, அறுந்துபோகுமா? நான் பதில் சொல்ல விரும்புவது அதற்குத்தான்.

நான் படித்தது வனவியல். வேலை பார்த்தது பெரும்பாலும் செட்டிநாட்டுக் கண்மாய்ப் பாசனச் சங்கங்களோடு. மடை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்) பழுதுபார்ப்பது, வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய்) அளப்பது, ஆயக்கட்டுக்காரர்களுக்கும் (கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்களுக்கும்) அலுவலகங்களுக்கும் நடுவில் நின்று மனு எழுதுவது என்று பல வருடங்கள் போயின. வழக்கறிஞர் இல்லை. சட்டப் பிரிவுகளைப் பற்றி நான் சொல்வதைக் களத்தில் வேலை பார்த்தவனின் வாசிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்மாயின் சர்வே எண்ணுக்கு எது பொருந்தும் என்பதைத் தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டை (நிலத்தின் வகையை எழுதிவைத்த பதிவேடு) பார்த்து, சட்டம் தெரிந்த ஒருவரிடமும் காட்டிய பிறகே முடிவு செய்யுங்கள்.

செட்டிநாட்டில் நாம் இயற்கை என்று சொல்வதில் பெரும்பகுதி மனிதர் கையால் கட்டியது. நமக்கு வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து நிறுத்த மண்கரை போட்டார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகிற மாதிரி வரிசையாக அமைத்தார்கள். நாரைக்குப் பிடித்த ஆழமில்லாத தண்ணீர், தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள், சுற்றிலும் நெல்வயல் என்று எல்லாமே ஊரின் வேலையால் வந்தவை. இந்தக் கண்மாயை ஊர் பயன்படுத்துவதை நிறுத்தினால் சில மழைக்காலங்களிலேயே வரத்துக்கால் தூர்ந்துவிடும், உள்வாயில் (கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பகுதியில்) சீமைக்கருவேல் ஏறிவிடும், தண்ணீர் நிற்காது. பிறகு பறவைக்கு அங்கே என்ன வேலை? மலைக்காட்டில் ஆளை வெளியேற்றிக் காட்டைக் காப்பாற்றலாம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. கண்மாயில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. ஆள் போனால் கண்மாயும் போய்விடும்.

இன்னொரு விஷயம், பறவை கண்மாயில் தூங்குகிறது, குஞ்சு பொரிக்கிறது. சாப்பிடுவது பெரும்பாலும் வெளியே. நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தேடிப் போகிறது. கொக்குகள் உழவு நடக்கும் வயலில் டிராக்டர் பின்னாலேயே நடக்கும். சாம்பல் நாரை பக்கத்துக் கண்மாய்களிலும் மீன் தேடும். கண்மாய்க்குள் மட்டும் கோடு போட்டுவிட்டு, சுற்றியுள்ள ஆயக்கட்டு வீட்டுமனைகளாக மாறுவதை யாரும் கேட்கவில்லை என்றால், படுக்கைக்குப் பாதுகாப்பு கொடுத்துச் சோற்றை எடுத்துக்கொண்ட கதைதான். விவசாயம் நடந்தால்தான் நாரை நிற்கும் என்று பெரியவர்கள் சொல்வது பறவையியல்படியும் சரி.

இப்போது சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: உங்கள் கண்மாய் நாரைகளுக்கு ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியல்களில் உள்ள பறவையைச் சுடுவதோ கண்ணி வைப்பதோ சரணாலயத்துக்கு வெளியிலும் குற்றம். கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதும், அவற்றைக் கலைப்பதும்கூட வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வருகின்றன. யாராவது இரவில் வலை கட்டிக் கொக்குப் பிடித்தால், இன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வேட்டையைத் தடுக்கத்தான் சரணாலயம் வேண்டும் என்று உங்கள் நண்பர்கள் நினைத்தால், அந்தக் காரணம் நிற்காது.

சரணாலயம் என்ற அறிவிப்பு வேறு சிலவற்றைக் கொண்டுவருகிறது. 29-ஆவது பிரிவின்படி அங்கிருந்து எந்த வன உயிரையும் விளைபொருளையும் எடுக்கக் கூடாது. அதே பிரிவில், சரணாலயத்துக்குள் வரும் தண்ணீரையோ வெளியே போகும் தண்ணீரையோ தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதியின்றித் திருப்பவோ நிறுத்தவோ கூட்டவோ கூடாது என்றும் இருக்கிறது. ஒரு காட்டோடைக்கு இது நல்ல விதி. பாசனக் கண்மாய்க்கு இதை வைத்துப் பாருங்கள்: மடை திறப்பதே இந்த வரிக்குள் வரக்கூடும். இப்படி ஓர் ஊர்க் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப மடையத் தொறக்கணும்னா நான் யாருகிட்ட லெட்டர் வாங்கணும், தம்பி?" என்று கேட்டார். அவர் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உங்கள் ஊர்ப் பெரியவர்களின் பயத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. முதலில் அரசு, சரணாலயமாக்கும் நோக்கத்தை மட்டும் அறிவிக்கும். பிறகு மாவட்ட ஆட்சியர், யார் யாருக்கு அங்கே என்ன உரிமை என்று விசாரித்துத் தீர்வு செய்ய வேண்டும். தலைமை வனவுயிரினக் காப்பாளரைக் கலந்து, ஏற்கெனவே உள்ள உரிமையைத் தொடரவும் அவர் அனுமதிக்கலாம். பாசன உரிமை அந்தக் கட்டத்திலேயே எழுத்தில் ஏறிவிட்டால் மடைப் பிரச்சினை வராது. நம் ஊர்களில் உரிமை என்பது பெரும்பாலும் வழக்கத்தில்தான் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. விசாரணைக்கு ஆள் வரும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அறிவிப்பு முழுமையாகிவிட்டால் எல்லையை மாற்றுவதற்குத் தேசிய வனவுயிரின வாரியத்தின் பரிந்துரை வேண்டும். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது மிகவும் கடினம். இதைச் சொல்லாமல் ஊரிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது, வேட்டங்குடி. கொள்ளுகுடிப்பட்டிப் பெரிய கண்மாய், சின்னக் கண்மாய், வேட்டங்குடிப்பட்டிக் கண்மாய் மூன்றையும் சேர்த்து 38.4 ஹெக்டேரை 1977 ஜூனில் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் அப்படித்தான். அந்தச் சமயத்தில் கூட்டில் குஞ்சு இருக்கும், சத்தத்தில் மிரண்டு விழுந்துவிடும் என்பதுதான் காரணம். தீபாவளி தோறும் வனத்துறையினர் வந்து இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வதைச் செய்தித்தாளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெடி வெடிக்காதே என்று அவர்களிடம் யாரும் உத்தரவு போடவில்லை என்பதுதான் இதில் முக்கியம். பறவை வந்தால் மழை வரும், எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்ற நம்பிக்கையில் ஊரே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. இதில் எது உறுதி, எது ஐயம் என்று பிரித்துச் சொல்கிறேன். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பது உறுதி. கூடு நிறைந்த மரத்தடியில் இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கும். அத்தனையும் மழையில் கரைந்து தண்ணீருக்குள்தான் போகிறது. அதனால் ஒரு ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா மிச்சம் என்று கணக்குச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அது கண்மாயில் எவ்வளவு தண்ணீர், எத்தனை பறவை என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலிலும் இதே நம்பிக்கைதான். அங்கே வந்து பறவைகளைச் சுட்ட வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்க ஊர்மக்கள் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் கவுல் (எழுத்துமூல உறுதி) வாங்கினார்கள். அவர்கள் அரசிடம் கேட்டது, வெளியாள் துப்பாக்கியோடு வரக் கூடாது என்று. தங்கள் பாசனத்தை நிறுத்தும்படி யாரும் கேட்கவில்லை, அரசும் நிறுத்தவில்லை. ஊரின் கையைப் பலப்படுத்திய விதி அது. ஒரு விதி நல்லதா கெட்டதா என்று எடைபோட எனக்கு அந்தக் கவுல்தான் அளவுகோல்.

அடுத்து மீன். எரியூர் பக்கமோ சிங்கம்புணரிப் பக்கமோ கோடையில் மீன்பிடித் திருவிழா பார்த்திருப்பீர்கள். தண்ணீர் முழங்காலுக்கு வற்றியதும் நாள் குறிப்பார்கள். விடிவதற்கு முன்பே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து கரையில் நிற்பார்கள். கையில் ஊத்தா, கச்சா, கொசுவலை, சிலரிடம் வெறும் சேலைத் துணி. கரையில் சாமி கும்பிட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் இறங்கும். அதற்கு முன்னால் ஒருவரும் காலை நனைக்க மாட்டார். கெளுத்தி, விரால், கெண்டை என்று கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள். விற்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். அன்றைக்கு மட்டும் கண்மாய் எல்லாருக்கும் சொந்தம். மீன் பிடித்தால் அடுத்த வருடம் மழை வரும் என்பது நம்பிக்கை, அதை அறிவியலாக்கப் பார்க்காதீர்கள். வற்றப்போகிற சேற்றில் கிடக்கும் மீன் எப்படியும் சாகும் என்பது மட்டும் நிச்சயம். சரணாலயமான கண்மாயில் இந்த ஒரு நாளுக்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும்; கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொண்டு மனு போடக் கூடாது. ஊராட்சிக்கு வரும் மீன் குத்தகைப் பணமும் நின்றுபோகும். ஒரு ஊருக்கு அந்தக் கண்மாயோடு இருக்கிற மகிழ்ச்சியான தொடர்பை வெட்டிவிட்டுக் காவல் காக்கும் கடமையை மட்டும் விட்டுவைத்தால், அந்தக் கடமை எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்? வெடிச் சத்தம் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லும் தாய்க்கு, அந்தக் கண்மாய் தன்னுடையது என்ற எண்ணம் இருக்க வேண்டாமா?

மண்ணும் அப்படித்தான். கோடையில் கண்மாய் வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது உரமும் ஆயிற்று, தூர்வாரியதும் ஆயிற்று. கனிமச் சலுகை விதிகள் வந்து, வண்டல் கனிமம் ஆகி, அதற்கு ஆட்சியர் அனுமதி என்றானதும், ஒரு வண்டி மண்ணுக்கு அலையச் சலித்துப் பலரும் விட்டுவிட்டார்கள். கண்மாய் மேடானதற்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி மாடு குறைந்ததும் ரசாயன உரம் வந்ததும் சேர்ந்துதான். ஆனால் விதிக்கும் அதில் பங்கு உண்டு. 2024-இல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்று மாற்றியது நல்ல திருத்தம். அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்பு நடக்கிற ஊர்க்காரர்களுக்குப் பிடிமண் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் சார்பில் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுத்த பிறகுதான் அய்யனாருக்குக் குதிரை செய்யத் தொடங்குவார்கள். மணல் கொள்ளையைத் தடுக்க 2012-இல் உச்ச நீதிமன்றம் சிறு கனிமங்களுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்றது. தேவையான தீர்ப்பு. அதன் வலையில் கையால் களிமண் தோண்டும் குயவரும் சிக்கினார். 2016 ஜனவரியில்தான் மத்திய அரசு அவர்களுக்கு விலக்கு அளித்தது. லாரி வைத்து அள்ளுபவனையும் கூடையில் சுமப்பவரையும் ஒரே வரியில் எழுதும் விதிகளால்தான், சுற்றுச்சூழல் என்றாலே நம் ஊர்களில் முகம் சுளிக்கிறார்கள்.

மாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துப் புலிக்குளம் மாடு கிடை மாடு, அதாவது எருவுக்காக வயலில் மந்தையாக அடைக்கும் மாடு. அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவார்கள்; மற்ற நாட்களில் கண்மாய் உள்வாய், பொட்டல், காடு என்று மேய்ந்து திரியும். மஞ்சுவிரட்டுக் காளைகளுக்கு நாற்றங்கால் இந்தக் கிடைதான். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் எதிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டு, அதே மாதத்தில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று திருத்தியது. ஆக, சரணாலயம் என்ற பெயர் விழுந்த கண்மாயில் மேய்ச்சலும் கேள்விக்குறியாகிவிடும். நாட்டு மாட்டைக் காப்போம் என்று ஒரு பக்கம் திட்டம் போட்டுவிட்டு, அது மேய்கிற இடத்தை இன்னொரு பக்கம் பூட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

மயிலைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன்; குன்றக்குடி முருகனைக் கும்பிட்டுவிட்டு வரும் விவசாயிதான் நிலக்கடலை வயலில் மயிலைப் பார்த்து மனம் வெதும்புகிறார். முதல் பட்டியலில் உள்ள பறவை, தொடவே முடியாது, தொடவும் கூடாது. இழப்பீடு கேட்கலாம், கிராம நிர்வாக அலுவலர், வேளாண் அலுவலர், வனத்துறை என்று மூன்று படி ஏறி வாங்குகிற தொகை சில சமயம் பஸ் செலவுக்கே சரியாகிவிடும். மரியாதை மனக்கசப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இதைப் பார்க்கலாம்.

சரி, உங்கள் கண்மாய்க்கு உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது? என் அனுபவத்தில், வேட்டைக்காரனைவிட மர ஏலத்தைக் கவனிக்க வேண்டும். 1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழகம் முழுக்கக் கண்மாய் உள்வாய்களில் நாட்டுக்கருவேல் நட்டார்கள். விறகுக்காக நட்ட மரம் அது. தண்ணீர் நடுவில் முள்ளோடு நிற்கிற மரம், பாம்பும் கீரியும் எளிதில் ஏற முடியாத இடம் என்பதால் நாரைகள் அங்கே குடியேறின. பறவைக்காகப் போடாத ஒரு திட்டம் பறவைக்கு வீடு கட்டிக் கொடுத்தது. ஆனால் பதிவேட்டில் அது இன்றும் வெட்டி விற்க வேண்டிய மரம்தான். முதிர்ந்ததும் ஏலம் விடுவார்கள், ஒரு பங்கு ஊராட்சிக்கு வரும். உங்கள் கண்மாயில் நிற்பது அப்படி நட்ட மரமா, அடுத்த வெட்டு எப்போது என்பதை இந்த வாரமே வனத்துறையின் சமூகக் காடுகள் பிரிவில் எழுதிக் கேளுங்கள். கூடு உள்ள மரங்களை ஏலத்திலிருந்து நிரந்தரமாக விலக்கச் சொல்லி ஊராட்சித் தீர்மானம் போட்டால், சரணாலயம் செய்கிற வேலையில் பாதி முடிந்துவிடும். அதோடு சீமைக்கருவேல் அகற்றும் வேலையில் கவனம் வேண்டும். பொக்லைன் ஓட்டுபவருக்கு நாட்டுக்கருவேலும் சீமைக்கருவேலும் ஒன்றாகத் தெரியலாம். கூடு கட்டும் மாதங்களில் எந்த இயந்திரமும் உள்ளே வரக் கூடாது, நாட்டு மரங்களுக்கு முன்கூட்டியே பெயின்ட் அடித்து அடையாளம் வையுங்கள்.

சட்டப் பெயர் ஏதாவது வேண்டும் என்று நினைத்தால் சரணாலயத்துக்குக் குறைவான படிகள் இருக்கின்றன. வனவுயிரினச் சட்டத்துக்கு 2002-இல் கொண்டுவந்த திருத்தத்தில், அரசு நிலத்தை உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்துப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கும் வழி சேர்ந்தது. ஊராட்சிப் பிரதிநிதிகள் இருக்கும் குழு அதற்கு ஆலோசனை சொல்லும். நான் மேலே சொன்ன 29-ஆவது பிரிவின் தடைகள் அதற்குப் பொருந்துவதில்லை. திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில் 2005-இல் இப்படித்தான் செய்தார்கள். இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். பறவையை ஏற்கெனவே காத்துவந்த ஊர், மூன்று ஹெக்டேருக்கும் குறைவான இடம். உங்களுடையது போன்ற கண்மாய்க்கு இது பொருந்தும் என்பது என் கருத்து.

இன்னொன்று, 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆவது பிரிவில் வரும் பல்லுயிர் மரபுத் தலம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் அப்படி அறிவிக்கப்பட்டதும், தமிழகத்தில் அதுவே முதலாவது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே மக்களின் விவசாயத்தையோ மேய்ச்சலையோ வழிபாட்டையோ யாரும் நிறுத்தவில்லை. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, அந்தப் பட்டம் மக்கள் கையில் ஒரு சான்றாக நின்றது. கிராம சபைத் தீர்மானங்கள், மதுரையை நோக்கிய பேரணி, சட்டமன்றத் தீர்மானம் எல்லாம் நடந்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ரத்தானதற்குப் பட்டம் காரணமா, போராட்டம் காரணமா என்று கேட்டால் போராட்டம்தான் என்பேன். இது என் மதிப்பீடு. பட்டம் இருந்ததால் வாதம் சுலபமானது, அவ்வளவுதான்.

சரணாலயத்துக்கு ஆதரவாகவும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதி செய்தபடி, சரணாலய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுரங்கம், குவாரி கூடாது. உங்கள் கண்மாயின் வரத்துப் பகுதியில் கல்குவாரி வரப்போகிறது என்றால் கணக்கே மாறிவிடும். மடைக்கு அனுமதி வாங்கும் தொல்லை பெரிதா, மலையே போய்விடுவது பெரிதா என்று ஊர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அப்படி ஒரு ஆபத்து இருந்தால் நானே சரணாலயம் கேளுங்கள் என்பேன், உரிமைகளை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு.

ஊர் ஊர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு ஊருணிகளின் செம்புறாங்கல் படிகளையும், கால் கழுவாதே, துணி துவைக்காதே என்ற கட்டுப்பாட்டையும் நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைக்குரியதுதான், இன்றும் சில ஊருணிகளில் குடிநீர் தெளிவாக இருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடே காரணம். அதே ஊருணியில் தலித் மக்கள் குடம் முக்க முடியாமல் இருந்ததும் அதே கட்டுப்பாட்டால்தான். அதை உடைத்ததில் ஊருக்கு வெளியிலிருந்து வந்த சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே வழக்கம் என்றால் எல்லாம் நல்லது, அரசு என்றால் எல்லாம் கெட்டது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பறவைக்காகக் கூட்டம் போடும்போது ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால் போதாது. ஆடு மேய்ப்பவர், கருவேல் விறகு பொறுக்கும் பெண்கள், மீன் குத்தகை எடுப்பவர், நிலமே இல்லாத காலனி மக்கள் எல்லாரும் உட்கார வேண்டும். எந்த விதி வந்தாலும் முதல் அடி அவர்கள் மேல்தான் விழும்.

உங்கள் நண்பர்கள் மனுவைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கட்டும். முதலில் இந்தக் கண்மாயை யார், எதற்கு, எந்த மாதத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மடை திறக்கும் மாதங்கள், கிடை போடும் காலம், வண்டல் எடுக்கும் இடம், மீன்பிடி நாள், விறகு என்று எல்லாம் அதில் வர வேண்டும். எந்த மரத்தில் எந்தப் பறவை எந்த மாதம் கூடு கட்டுகிறது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மோதல் எவ்வளவு குறைவு என்று தெரியும். பறவைக்கு அமைதி வேண்டிய மாதங்களில் கண்மாய் நிறைந்து கிடக்கும், ஊரின் வேலைகளில் பெரும்பாலானவை தண்ணீர் வற்றிய பிறகுதான். அந்த நோட்டை ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் வைத்து, கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். பின்னால் எந்த அறிவிப்பு வந்தாலும் ஆட்சியர் விசாரணையில் காட்ட அது ஒரு ஆவணம். வரத்துக்காலில் ஆக்கிரமிப்பு இருந்து, கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளதென்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தில் தனி மனு கொடுங்கள். அதில் பெரியவர்களும் உங்களோடு வருவார்கள். கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தினுடையதா, நீர்வளத்துறையினுடையதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் பெரும்பாலும் ஒன்றியம்தான். மனு தவறான மேசைக்குப் போனால் ஒரு மழைக்காலம் வீணாகிவிடும்.